எங்கள் மேட்டில் வானொலிக் கோபுரம்: சாட்ஸ்வர்த் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, சாட்ஸ்வர்த்தில், எங்கள் கோயில் நிலத்தின் மேல்மூலையில் ஒரு வானொலிக் கோபுரம் எழுப்பலாம் என்று யோசனை வந்திருக்கிறது. உயரம் 30 மீட்டர். தமிழை முதன்மையாக வைத்து நடக்கும் சமூக வானொலிக்காக. இதுவரை மூன்று கூட்டங்கள் நடந்துவிட்டன. மூன்றிலும் குரல்கள் உயர்ந்தன, சிலர் பாதியில் எழுந்து போனார்கள். கேட்கப்பட்ட கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்து அவற்றை எழுதி வைத்தேன். தெரிந்த பதில்களைச் சேர்த்து இங்கே தருகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வானொலி வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் சுற்றியுள்ள வீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்காமல் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன்.

லோட்டஸ் எஃப்எம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

லோட்டஸ் 1983-இல் தொடங்கியது. அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் நிலையம். நாடு முழுவதும் இருக்கும் இந்திய வம்சாவளியினர் எல்லோருக்கும் பொதுவானது. அதனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். ஹிந்தி, தமிழ், தெலுங்கு, உருது, குஜராத்தி ஐந்தும் நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதன் வேலை அப்படி. ஆனால் நம் தெருவில் நாளைக்குத் தண்ணீர் நிற்கும், இன்ன வீட்டில் சாவு, அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் எத்தனை மணிக்கு ஊற்றுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு தேசிய நிலையம் சொல்ல முடியாது. ஹிந்தி பேசும் சமூகம் பல ஆண்டுகளுக்கு முன்பே டர்பனில் ஹிந்த்வாணி என்ற சமூக வானொலியைத் தொடங்கி நடத்திவருகிறது. நம்மால் முடியாதா?

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. நம் பிள்ளைகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பாடுவது அழகாகத்தான் இருக்கிறது, பாடுகிறார்களே என்று கண் கலங்கியும் இருக்கிறேன். ஆனால் பாடி முடித்ததும் பேச்சு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். வீட்டில் தமிழில் சண்டை போடவும், விலை கேட்கவும், கதை சொல்லவும் ஆள் குறைந்துவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகி வந்த முதல் இந்தியர்களோடு, ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலில் வந்தவர்களிலும் பலருக்கு எழுதத் தெரியாது, காதால் கேட்டுத்தான் மொழியைக் காப்பாற்றினார்கள். வானொலிக்கும் எழுத்து வேண்டாம். சமையலறையில் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால் போதும், பிள்ளைகள் காதில் விழும்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவு, இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளை வளர்க்க வேண்டும், மதிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கூட்டத்தில் இதைச் சொன்னபோது பாதிப் பேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

கோபுரத்திலிருந்து கதிர்வீச்சு வருமே, புற்றுநோய் வராதா?

மூன்று கூட்டத்திலும் முதலில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் கோபுரம் வரப்போகும் இடத்துக்குக் கீழே குடியிருக்கும் ஒரு தாய், கைக்குழந்தையோடு வந்திருந்தார். மேடையில் இருந்த ஒருவர் "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படிப் பதில் சொன்னால் பயம் கூடத்தான் செய்யும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கதிர்வீச்சு என்ற சொல் இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுகிறது. எக்ஸ்ரே, அணுக்கதிர் போன்றவை உடம்பின் மூலக்கூறுகளையே உடைக்கும் அளவு ஆற்றல் உள்ளவை. வானொலி அலை அந்த வகை இல்லை. எஃப்எம் ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையில் நடக்கிறது. நம் கைபேசி பயன்படுத்தும் அலைகளைவிட அது தாழ்ந்த அலைவரிசை. மிக அருகில், மிக அதிக அளவில் இருந்தால் அது உடம்பைச் சூடாக்கும். அறிவியல் உறுதியாக நிறுவியிருக்கும் கெடுதல் இந்தச் சூடுதான், பாதுகாப்பு வரம்புகளும் அதை வைத்தே வகுக்கப்பட்டவை.

பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, பொதுமக்கள் இருக்கும் இடத்தில் எஃப்எம் அலை ஒரு சதுர மீட்டருக்கு 2 வாட்டைத் தாண்டக் கூடாது. நம் யோசனையில் ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் திறன் 500 வாட். 50 மீட்டர் தள்ளி, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே நின்றால்கூட ஒரு சதுர மீட்டருக்கு 0.026 வாட் வரும். அதாவது வரம்பில் ஏறத்தாழ 75-இல் ஒரு பங்கு. 100 மீட்டர் தள்ளியிருக்கும் பாலர் பள்ளியில் அது இன்னும் நாலில் ஒன்றாகக் குறைந்து, 300-இல் ஒரு பங்காகும். தூரம் இரட்டித்தால் அளவு நாலில் ஒன்றாகும் என்பதுதான் கணக்கு. தவிர, ஆன்டெனா உச்சியில் இருந்து பக்கவாட்டில் வீசுவதால், கீழே இருக்கும் வீடுகளுக்கு இதைவிடவும் குறைவாகவே வரும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைவரிசைகளை "புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. அதற்கு முக்கியக் காரணம், கைபேசியைக் காதோடு ஒட்டிவைத்து நெடுநேரம் பேசியவர்கள் பற்றிய ஆய்வுகள். சான்று போதுமான அளவு இல்லை, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது என்பது அந்தப் பட்டியலின் பொருள். தொலைவில் நிற்கும் கோபுரத்தைவிட நம் கையில் இருக்கும் கைபேசியே உடம்புக்கு அதிக அலையைத் தருகிறது.

ஆபத்து உள்ளவர் ஒருவர் உண்டு: பழுது பார்க்கக் கோபுரத்தில் ஏறும் தொழிலாளி. அவர் ஏறும்போது ஒலிபரப்பை நிறுத்த வேண்டும். சுற்றிலும் வேலி போட்டு, பிள்ளைகள் ஏற முடியாதபடி பூட்ட வேண்டும். கட்டிய பிறகு அந்தத் தாயின் வீட்டு முற்றத்தில் கருவி வைத்து அளந்து, வந்த எண்ணைக் கோயில் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். யோசனை கொண்டுவந்த குழு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஏன் இவ்வளவு உயரம்? ஏன் மேட்டின் மேலே?

எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலையைச் சுற்றி வளைந்து போகாது. சாட்ஸ்வர்த் ஊம்லத்துசானா ஆற்றுக்கும் ஊம்லாஸ் ஆற்றுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பள்ளத்துத் தெருக்களில் இப்போதே சில நிலையங்கள் கரகரக்கும். சமதளத்தில் ஆன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்குவதும், திறனை நாலு மடங்காக்குவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும். ஆகவே உயரமான கோபுரம் என்றால் குறைந்த மின்சாரம், குறைந்த அலை, தெளிவான ஒலி. கோபுரத்தைக் குட்டையாக்குங்கள் என்று கேட்பவர்கள், அப்போது திறனைக் கூட்ட வேண்டிவரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது எல்லாம் கைபேசியிலேயே கேட்கலாமே?

இளைஞர்கள் கேட்கலாம். டேட்டா காசு யார் தருவது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் ஆயாவுக்கு ஒரு பொத்தான், ஒரு திருகு உள்ள பெட்டிதான் பழக்கம். பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் பாடும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை மறக்க முடியுமா? நம் மாகாணமான குவாசூலு-நடாலில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் போனது, சில மணி நேரத்தில் கைபேசி சிக்னலும் போனது. பக்கத்து வீட்டு அண்ணா காரில் உட்கார்ந்து வானொலி கேட்டு, எந்தப் பாலம் போயிற்று, எங்கே தண்ணீர் லாரி வரும் என்று கத்திச் சொன்னார். அன்றைக்கு நம் தெருக்களை அறிந்த ஒரு நிலையம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

இணையத்திலும் நடத்தட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது கோபுரத்துக்கு மாற்று ஆகாது.

ஏற்கெனவே நிற்கும் ஏதாவது கோபுரத்தில் ஆன்டெனாவை மாட்டக் கூடாதா?

நல்ல கேள்வி. யோசனை கொண்டுவந்தவர்கள் முதலில் இதற்குத்தான் பதில் தேடியிருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டத்தின்படி, கோபுரம் போன்ற வசதி வைத்திருக்கும் உரிமதாரர், இன்னொரு உரிமதாரர் கேட்டால் நியாயமான நிபந்தனையில் வாடகைக்குத் தர வேண்டும். அரசுக்குச் சொந்தமான சென்டெக் நிறுவனமும் பல வானொலிகளுக்கு ஒலிபரப்பு வசதி செய்து தருகிறது. வாடகைக்கு எடுத்தால் புதுக் கோபுரம் வேண்டாம், இந்தச் சண்டையும் வேண்டாம். ஆனால் மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். விளம்பரம் வற்றிய மாதத்திலும் கட்ட வேண்டும். சொந்தக் கோபுரம் என்றால் முதலில் பெரிய செலவு, பிறகு பராமரிப்பு மட்டும்.

குழு வாய்வார்த்தையாக "விசாரித்தோம், கட்டுப்படியாகாது" என்கிறது. எத்தனை இடத்தில் விசாரித்தார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்பதைத் தாளில் போட்டுக் காட்ட வேண்டும். அது வரும்வரை எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஒன்று நிற்கலாமா?

பெரியவர்கள் பலர் மனம் கலங்கிக் கேட்டது இது. கோயிலுக்கு மேலே நிழல் விழும்படி எதுவும் எழக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். இதற்கு வாட் கணக்கில் பதில் சொல்ல முடியாது. இது நம்பிக்கையும் மரியாதையும் சார்ந்தது.

நான் ஒரு நாள் முழுக்க அந்த இடத்தில் நின்று பார்த்தேன். தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், நடுப்பகல் நிழல் தெற்கே விழும். மேல்மூலை கோயிலுக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் ஆடி மாதத்தில், இங்கே குளிர்காலத்தில், நிழல் நீளும்போதும் நடுப்பகல் பூசை நேரத்தில் அது சந்நிதிப் பக்கம் வராது. கம்பிச் சட்டகம் என்பதால் கட்டிடம் போல அடைத்தும் நிற்காது. ஆனாலும் காவடி இறங்கி வரும் வழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கோபுரக் கலசத்துக்குப் பின்னால் இரும்பு தெரியும். அது எனக்கே உறுத்தியது. 20 மீட்டர் மேற்கே தள்ளினால் அந்தப் பார்வையிலிருந்து விலகிவிடும். தரை கொஞ்சம் சரிவு, அடித்தளச் செலவு கூடும். கூடினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. பூசாரியையும் மூத்தோரையும் அந்த இடத்துக்கே கூட்டிப் போய்க் காட்டி, அவர்கள் சம்மதம் பெற வேண்டும்.

விழுந்தால்? இடி விழுந்தால்?

யோசனையில் இருப்பது தாங்குகம்பி இல்லாமல் தன் காலில் நிற்கும் கம்பிச் சட்டகக் கோபுரம். உரிமம் பெற்ற பொறியாளர் மண்ணைச் சோதித்து, காற்று வேகத்தைக் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். 2022 மழையில் நம் சரிவுகள் எப்படி இறங்கின என்று எல்லோரும் பார்த்தோம். மண் சோதனையில் ஒரு ரூபாய்கூட, இங்கே சொல்வதென்றால் ஒரு ராண்டுகூட, மிச்சம் பிடிக்கக் கூடாது. அருகிலுள்ள வீடு 50 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மேற்கே தள்ளினாலும் 30 மீட்டருக்குள் எந்த வீடும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடியைக் கோபுரம் தன் மேல் வாங்கித் தரைக்கு அனுப்பும், நிலத்தொடர்பு சரியாகப் போட்டிருந்தால். அதை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

இரவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம் போடுமா?

கதிர்வீச்சைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு உண்மையான தொல்லை இதில்தான் வரும். மின்வெட்டு மோசமாக இருந்த 2022, 2023 ஆண்டுகளில் நாம் எல்லோரும் பக்கத்துக் கடை ஜெனரேட்டரோடு தூங்கப் பழகினோம். இந்த அளவு சிறிய நிலையத்துக்குச் சூரியத் தகடும் பேட்டரியும் போதும். டீசல் ஜெனரேட்டர் வைக்க மாட்டோம், வைத்தாலும் இரவு ஓட்ட மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் டிவி, கைபேசி கெடுமா?

டிஷ் டிவிக்கும் கைபேசிக்கும் பொதுவாகப் பாதிப்பு இருக்காது, அவை வேறு அலைவரிசை. கோபுரத்துக்கு மிக அருகில் உள்ள வீடுகளில் பழைய ஒலிபெருக்கியிலோ கதவுமணிப் பேசியிலோ வானொலி லேசாகக் கேட்கலாம். கோயில் மைக் செட்டிலும் கேட்கலாம்! சிறிய வடிகட்டி மாட்டினால் சரியாகும், அந்தச் செலவு நிலையத்துடையது.

வீட்டு விலை இறங்குமா?

இறங்கக் கூடும் என்று பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாங்க வருகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது கோபுரம்தான். மேற்கே தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் யார் அனுமதி தர வேண்டும்?

கோபுரத்துக்கு முன்னால் வானொலிக்கே உரிமம் வேண்டும். அதைத் தருவது ஐகாசா என்ற ஒழுங்காற்று ஆணையம், 2000-இல் அமைந்தது. ஒலிபரப்பு உரிமம், அலைவரிசை உரிமம் என்று இரண்டும் வேண்டும். டர்பனைச் சுற்றி எஃப்எம் வரிசை நெருக்கமாக இருக்கிறது, எளிதில் இடம் கிடைக்காது. ஆகவே உரிமம் கையில் வராமல் இரும்பு வாங்க வேண்டாம் என்று குழுவிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது.

நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் டர்பனை நிர்வகிக்கும் இத்தெக்வினி மாநகராட்சியின் அனுமதி வேண்டும். சூழலியல் முக்கியத்துவம் உள்ளதாகக் குறிக்கப்பட்ட பகுதிகளில், 15 மீட்டருக்கு மேல் புதிய ஒலிபரப்புக் கம்பம் நட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவைப்படும். சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் நம் பக்கத்தில் இருப்பதால் வரைபடத்தைப் பார்த்து இதை உறுதி செய்ய வேண்டும். விமானப் பாதுகாப்புத் துறையிடமும் கேட்க வேண்டும். பன்னாட்டு விமான நிலையம் 2010-இல் வடக்கே போய்விட்டாலும் இந்தக் கேள்வி போகவில்லை.

பணம் எங்கிருந்து வரும்? யாராவது தனியார் பிடித்துக்கொள்வார்களா?

சமூக வானொலி லாப நோக்கமில்லாமல் நடக்க வேண்டும் என்பது சட்டம். நன்கொடை, மானியம், விளம்பரம், உறுப்பினர் சந்தா எல்லாம் வாங்கலாம், வந்ததை நிலையத்துக்கே செலவிட வேண்டும். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊடக மேம்பாட்டு முகமையிடம் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். கணக்கை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் படிக்க வேண்டும். கோயில் கணக்கும் வானொலிக் கணக்கும் ஒரே பையில் இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏன் இதைத் தாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. மேட்டின் கீழே தெலுங்குக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள், ஜூலு பேசும் குடும்பங்கள் எல்லாம் இருக்கின்றன. கோபுரம் அவர்கள் சன்னலிலும் தெரியும். அவர்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும், நிர்வாகக் குழுவிலும் இடம் தர வேண்டும். காலையில் தண்ணீர், சாலை, மருத்துவமனை அறிவிப்புகளை ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் சொல்வதால் தமிழ் தேய்ந்துவிடாது. நம் நேரத்தை யாரோ பங்கு போட்டார்கள் என்று வருந்துகிற நாமே அதை மற்றவர்களுக்குச் செய்யலாமா?

நல்ல காரியம்தானே, எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்போது கட்டுவது?

இதைச் சொன்னவர் என் நெருங்கிய உறவு, வானொலிக்காகச் சொந்தப் பணம் போட்டவர். அவர் அவசரம் புரிகிறது. ஆனால் நாம் இந்த ஊருக்கு எப்படி வந்தோம் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னேன். என் தாத்தா டர்பன் மாநகராட்சித் தொழிலாளி, மேகசின் பேரக்ஸில் குடியிருந்தார். அங்கே கோயில் இருந்தது, நாடகம் இருந்தது, தெரு முழுக்கத் தமிழும் தெலுங்கும். எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலிருந்தும் பேரக்ஸிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்து, 1960-களில் இந்தச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். எந்த யூனிட், எந்த வீடு, யார் பக்கத்து வீடு எதையும் யாரும் கேட்கவில்லை. ஆயா அதைச் சொல்லும்போது வீட்டை இழந்ததைவிட, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருமுனையில் ஒரு கைபேசிக் கம்பம் ஒரே வாரத்தில் முளைத்தது. நிறுவனம் எங்கள் கதவைத் தட்டவே இல்லை. அந்தக் கோபம்தான் இன்றைக்கு வானொலிக் கூட்டத்தில் வெடிக்கிறது. அந்தத் தாயை ஒரே வரியில் உட்கார வைத்ததும் அதே வகைதான். இரண்டு மாதம் தாமதமானால் ஆகட்டும், கோபுரம் சுற்றியுள்ளவர்கள் சம்மதத்தோடு நிற்கும்.

எங்கள் ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அவர் கருத்தை எப்படிக் கொடுப்பது?

அவர் சொல்வதைச் சொன்னபடியே நீங்கள் தமிழில் எழுதுங்கள், மாற்றாதீர்கள். திரும்பப் படித்துக் காட்டுங்கள். சரி என்றால் கைநாட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் ஒரு படி நானே எழுதித் தருகிறேன். மாநகராட்சிக்குப் போகும் தாள்கட்டுக்குள் இரண்டும் சேரும். வேண்டாம் என்று சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தாளும் மைப்பெட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே வருகிறேன்.